பந்தினாற் கணிதம் பயிற்றிய புரோபெல்

ஜேர்மனி தேசத்தின் நடுப்பாகத்தே, துரிங்கிய வனத்தின் ஓரத்தில், சுவைனா என்றொரு சிற்றூர் உளது. அவ்வூர் இடுகாட்டிலே நிற்கும் நினைவுக்கல் ஒன்று மூன்று உருவங்களால் ஆயது. அடியிலே சதுரமுகி; அதன்மேல் உருளை; உருளையின் உச்சியிலே கோளம். கேத்திரகணித ஆசிரியர் ஒருவரின் மேசையிலிருந்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற் போன்ற அக்கல்லின் கீழே துயில்பவர் கணிதப் பேராசிரியர் அல்லர். கட்டடச் சிற்பியும் அல்லர். நாட்டுப்புறக் குழந்தைகளைக் கைகோத்து நிறுத்தி, அவர்களோடு தாமும் ஆடியும் பாடியும் பந்தெறிந்தும் திரிந்ததனால் ஊராராற் பித்தரென நகைக்கப்பட்ட ஒரு முதியவர். பிரடெரிக் புரோபெல் என்பது அவர் பெயர். கிண்டர்கார்டன் என்று உலகமெங்கும் வழங்கும் சொல்லை ஆக்கித் தந்தவர் அவரே.

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் கேத்திரகணிதத்தைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என வாசகர் வினாவலாம். யான் மாணாக்கனாயிருந்த காலத்திலே அப்பாடம் எனக்கு முழுவதும் மனனப் பாடமாகவே இருந்தது. முக்கோணியின் கோணங்கள் மூன்றுங் கூடி இரண்டு செங்கோணமாகும் என்பதை நிகண்டுச் சூத்திரம் போல ஒப்புவித்தேன். ஒரு காகித முக்கோணியின் மூலைகள் மூன்றையுங் கிழித்து ஒருங்கே சேர்த்துப் பார் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழிந்தபின், எங்கள் கல்லூரியை அடுத்த பாடசாலையின் பாலர் வகுப்பிலே ஓர் ஆசிரியை கொக்கியூசியும் கம்பளி நூலுங் கொண்டு பந்து பின்னிக்கொண்டிருந்ததையும், சுற்றியிருந்த சிறுவர் அவர் கையின் ஒவ்வொரு சுற்றையும் எண்ணிக்கொண்டிருந்ததையுங் கண்டேன். இஃது எங்கிருந்து வந்த முறை என அறிய விரும்பியதே புரோபெலின் வரலாற்றை நாடச் செய்தது.

அவர் 1782ஆம் ஆண்டு ஏப்பிரில் 21ஆந் திகதி ஓபர்வைஸ்பாக் என்னும் மலைக்கிராமத்தில் ஒரு லூதரன் சமயக் குருவின் மகனாகப் பிறந்தார். ஒன்பது மாதக் குழந்தையாயிருக்கும்போதே தாய் இறந்தனள். தந்தையாரோ பரந்ததொரு திருச்சபை வட்டாரத்தின் பணிகளில் முழுகியவர். மகனை மடியில் வைத்துப் பேச ஓய்வில்லாதவர். பின் சிற்றன்னை வந்தாள். முதலில் அன்பு காட்டிய அவள், தனக்கென ஒரு மகன் பிறந்ததும் மாறினாள். அம்மாற்றத்தைப் புரோபெல் தம் முதுமையிலும் மறந்தாரல்லர். ஜேர்மன் மொழியிலே நெருங்கியோரை விளிப்பதற்குரிய முன்னிலை ஒருமைச் சொல் ஒன்றுண்டு. அதனை விடுத்து, ஏவலாளரை அழைக்குமாப்போலப் படர்க்கையில் அவனை விளிக்கத் தொடங்கினாளாம். இலக்கணத்திலே முன்னிலை படர்க்கையாதல் சிறிய மாற்றம். தாயற்ற சிறுவனுக்கு அது வீட்டுக் கதவு அடைபட்டது போன்றது. தந்தையார் அவனை ஊர்ப் பெண்பிள்ளைகள் பாடசாலைக்கே அனுப்பினார். மந்தபுத்தியுள்ளவன் என்பது வீட்டிலிருந்தோர் கணிப்பு.

பத்து வயதில் தாய்மாமன் ஹொவ்மன் என்பார் அவனைத் தம்மோடு ஸ்டாட்டில்ம் என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றார். அங்கேதான் அவன் முதன்முதல் மற்றைச் சிறுவரோடு ஓடியாடினான். வாழ்நாள் முழுவதும் விளையாட்டைக் குழந்தையின் உயர்ந்த தொழில் என்று வற்புறுத்திய ஒருவர், தாம் விளையாடப் பெற்றது பத்து வயதின் பின்னரே என்பதை நினைத்துக்கொள்ளல் வேண்டும்.

1797இல் ஒரு வனபாலகரிடம் தொழில் பயில விடப்பட்டார். அவருக்குக் கற்பிக்க நேரமில்லை; சிறுவனோ இரவல் நூல்களைக் கொண்டு தாவரவியலையுங் கேத்திரகணிதத்தையுந் தானே பயின்றான். மரங்களை அளந்தும், நிலப்படம் வரைந்தும் இரண்டாண்டு கழிந்தது. பின்னர் ஜெனா சர்வகலாசாலையில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த தமையனுக்குப் பணங் கொண்டுபோய்க் கொடுக்கச் சென்றவர், அங்கேயே தங்கி 1799இல் தாமும் மாணாக்கரானார். கையிலிருந்த சிறுபொருளைத் தமையனுக்குக் கடன் கொடுத்துவிட்டு, உணவுக்குக் கொடுக்கவேண்டிய கடனைத் தீர்க்க வகையற்று, ஒன்பது வாரஞ் சர்வகலாசாலைச் சிறையிற் கிடந்தார். தந்தையின் சொத்திலே தமக்குள்ள பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திட்ட பிறகே கடன் தீர்ந்தது. இச்செய்தி அவர் குணத்தை ஒருவாறு காட்டும். பணத்தைக் கையாளத் தெரியாமை அவருடன் பிறந்த குறை. அதனாற் பின்னாளிலே அவரை நம்பி வந்தோரும் இடருற்றனர்.

நில அளவையாளராய், கணக்கராய், பண்ணைக் காரியஸ்தராய் அலைந்தபின், கட்டடக்கலை பயிலும் எண்ணத்தோடு 1805இல் பிராங்பேர்ட் நகரை அடைந்தார். அந்நகரில் மாதிரிப் பாடசாலை ஒன்றை நடத்திய குரூனர் என்பவர், இவர் பிறவியாசிரியர் என்பதைச் சில நாட் பேச்சிலேயே கண்டுகொண்டு, கட்டடக்கலையை விட்டு ஆசிரியராகுமாறு தூண்டினார். அவ்வாண்டே சுவிற்சர்லாந்திலுள்ள இவெர்தோன் சென்று, அக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் போற்றிய பெஸ்தலோசியின் பாடசாலையை இரண்டு வாரம் பார்த்து வந்தார். பின் ஹோல்ஸ்ஹவுசன் என்னும் பிரபு குடும்பத்துச் சிறுவர் மூவருக்கு ஆசானாகி, அவர்களையும் அழைத்துக்கொண்டு 1808 முதல் 1810 வரை அங்கேயே தங்கினார். சொல்லால் அன்றிப் பொருளாற் கற்பிக்க வேண்டும் என்னும் நெறியை அவர் அங்கே பெற்றார். ஆயினும் அப்பெரியாரின் பாடசாலையிலே பாடங்கள் ஒன்றோடொன்று இயைபின்றி நிற்பதாக அவருக்குத் தோன்றிற்று. ஒன்றிலிருந்து ஒன்று முளைத்தெழும் ஒழுங்கு எங்கே உளது என்பதே அவர் மனத்தை அரித்த வினா.

விடை கல்லிலிருந்து கிடைத்தது. 1811இல் கோட்டிங்கன் சர்வகலாசாலையிலும், 1812இல் பேர்லினிலும் பயின்ற அவர், பளிங்குருவியலில் வல்லுநராகிய வைஸ் என்பாரின் மாணாக்கரானார். உப்பும் படிகமும் பிறவும் தத்தமக்குரிய முகங்களோடும் கோணங்களோடும் உள்ளிருந்தே வளர்வதை ஆராய்வது அவ்வியல். வெளியிலிருந்து எவருஞ் செதுக்காமலே ஓர் உப்புக்கல் சதுரமுகியாகின்றது. நெப்போலியனுக்கு எதிரான போரிலே 1813இல் லூட்சோவின் தொண்டர் படையிற் சேர்ந்து சென்று மீண்டபின், 1814 முதல் வைஸின்கீழ்க் கனிப்பொருட் சாலையில் உதவியாளராயிருந்தார். பூட்டிய அறையில், ஓசையற்ற பளிங்குகளின் நடுவே, அவற்றை வகைசெய்து அடுக்கிய அந்நாட்களிலேயே குழந்தையின் வளர்ச்சியும் இத்தகையதன்றோ என்னும் எண்ணம் அவரிடத்தே உறுதிப்பட்டது. கேத்திரகணித வடிவங்கள் மனிதன் கற்பித்த கற்பனைகளல்ல, இயற்கையின் எழுத்துக்கள். அவ்வெழுத்தைக் குழந்தை பேச்சுக்கு முன்னரே கையாற் படிக்க வல்லது என்பதே அவர் துணிபு.

போர் அவருக்குத் தந்த பேறு இரண்டு நண்பர்கள். லாங்கத்தால், மிடென்டோர்வ் என்னும் அவ்விருவரும் இறையியல் மாணாக்கராயிருந்து படையிற் சேர்ந்தவர். பின்னர்த் தம் வாழ்வையே புரோபெலின் பணிக்கு ஒப்புவித்தவர். போர்க்காலத்துக் காய்ச்சலால் இறந்த தமையன் ஒருவரின் புதல்வர் மூவரும், மற்றொரு தமையனின் புதல்வர் இருவருமாக ஐந்து சிறுவரைக் கொண்டு 1816இல் கிரீஸ்ஹைம் என்னும் ஊரிற் பாடசாலை தொடங்கினார். அடுத்த ஆண்டு அது கைல்ஹவு கிராமத்துக்கு மாறிற்று. கட்டடம் முற்றுப்பெறாத வீடு, அரைவயிற்றுணவு, கடன் — இவற்றின் நடுவே மலையேறியுந் தோட்டமிட்டும் அணைகட்டி நீர்விட்டுஞ் சிறுவர் பயின்றனர். 1818இல் பேர்லினிற் செல்வமாய் வளர்ந்த ஹென்றியற்றா அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் அவ்வறுமையினுள்ளே வந்து, முணுமுணுப்பின்றிப் பிள்ளைகளின் துணிகளைத் தைத்துக்கொண்டிருந்தது புரோபெலின் வரலாற்றிலே பலரும் விரைந்து கடந்துபோகும் பகுதி, அவ்வாறு கடத்தற்குரியதன்று. தம்பதிகளுக்குப் பிள்ளைப்பேறு இல்லை.

1826இல் மனிதனின் கல்வி என்னும் நூலை வெளியிட்டார். ஆழமான நூல், ஆனால் உரையாசிரியர் ஒருவர் உடனிருந்தாலன்றி விளங்காத நடை. உலகமனைத்தும் ஒன்று என்பதை ஒவ்வொரு பக்கத்திலுஞ் சொல்வார். பக்கத்தைத் திருப்பினால் மறுபடியுஞ் சொல்வார். சொல்லிலே தெளிவு காணமாட்டாத அம்மனிதர் மரக்கட்டையிலும் நூற்பந்திலும் எழுதிய நூலே தெளிவானது என்பது எம் கருத்து. கைல்ஹவுப் பாடசாலை அரசியலாரின் ஐயத்துக்கு இலக்காகி மாணாக்கரை இழந்தது. 1831இல் சுவிற்சர்லாந்துக்குச் சென்று, வார்ட்டன்சே, வில்லிசவு ஆகிய இடங்களிற் பாடசாலை நடத்தி, எதிர்ப்புக்களைத் தாங்கி, ஈற்றிற் புர்க்டோர்வ் நகரின் அநாதைகள் இல்லத்துக்குத் தலைவரானார். அங்கே சின்னஞ்சிறு பிள்ளைகளைக் கண்டபோதுதான் தாம் இதுவரை செய்தது காலந்தாழ்ந்த வேலை என உணர்ந்தார். ஏழு வயதிற் பாடசாலைக்கு வரும் பிள்ளை ஏற்கெனவே பாதி வளர்ந்துவிட்டது. வேர் அதற்கு முந்தியது.

மனைவியாரின் உடல்நலங் குன்றியமையால் 1836இல் ஜேர்மனிக்கு மீண்டு, அடுத்த ஆண்டு பிளாங்கன்பூர்க்கிலே குழந்தைகளுக்குரிய விளையாட்டுப் பொருள்களைச் செய்யும் நிலையமொன்றை நிறுவினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. பிறர் ஓய்வை எண்ணும் பருவத்திலே அவர் பந்தை எடுத்தார்.

அப்பொருள்களைக் கொடைகள் என அவர் அழைத்தார். முதற்கொடை ஆறு மென்பந்துகள். மிருதுவான உள்ளீட்டின்மேல் வண்ணக் கம்பளி நூலாற் பின்னிய உறையுடையன. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்பன அவற்றின் நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நூற்கயிறு உண்டு. தாய் கயிற்றைப் பிடித்துப் பந்தை ஆட்டுவாள். மேலே, கீழே, அருகே, அப்பால், சுற்றிச் சுற்றி என்று பாடுவாள். குழந்தை அதனைப் பற்றும், அது நழுவி அகலும், மீண்டும் வரும். இடமும் திசையும் இவ்வாறு கற்கப்படுகின்றன. எத்திசையினின்று நோக்கினும் ஒருபடித்தாய்த் தோன்றும் உருவம் பந்து ஒன்றே. ஆதலின் அதுவே முதற்பாடம். நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர் சப்பாணிப் பருவமென்றுஞ் சிற்றிற் பருவமென்றும் வகுத்தமைத்த குழந்தையாடல்களை ஒருவர் கல்விமுறையாகவே அமைத்தாற் போன்றது இது.

அப்பந்தைப் பின்னுங் கையிலேயே ஒரு கணிதம் அடங்கியுள்ளதைச் சொல்லாது மேற்செல்ல மனமில்லை. புரோபெலின் நெறியைப் பின்பற்றிய ஆசிரியைகளுந் தாய்மாரும் இப்பந்துகளைத் தம் கையாலேயே பின்னினர். குரோசே என்னுங் கொக்கியூசிப் பின்னல் அதற்கு மிக வாய்ப்பானது. நடுவிலே ஆறு கண்ணிகளை இட்டுத் தொடங்குவர். அடுத்த சுற்றில் ஆறு கூட்டிப் பன்னிரண்டு, அதற்கடுத்து மேலும் ஆறு கூட்டிப் பதினெட்டு, பின் இருபத்துநான்கு. இவ்வாறு சுற்றுக்கு ஆறாகக் கூட்டிச் சென்றாற் பின்னல் தட்டையான வட்டமாகக் கிடக்கும். ஏன் ஆறு? வட்டத்தின் ஆரை ஒரு கண்ணியளவு கூடும்போது பரிதி அதனைப்போல ஏறக்குறைய ஆறேகாற் பங்கு கூடவேண்டும். இச்சிறு கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமமாதலால் ஆறு கண்ணிகள் போதுமானவை. எழுத்தறியாப் பாட்டியும் இதனைக் கையால் அறிவாள். கூட்டுவதை நிறுத்திச் சுற்றினாற் பின்னல் கிண்ணம்போல் வளையும். கூட்டிய முறையையே தலைகீழாக்கிக் குறைத்துவரின் வாய் மூடிப் பந்தாகும். மாறாக, வேண்டியதினுங் கூடுதலாகக் கண்ணிகளை இட்டாலோ, அது தட்டையாகவுங் கிடவாது, பந்தாகவும் மூடாது, கோழிக்கொண்டைபோல ஓரம் நெளிந்து நெளிந்து விரியும். அந்நெளிவும் ஒரு கேத்திரகணிதமே. யூக்கிளிட்டின் சமாந்தர விதிக்கு அடங்காத அக்கணிதத்தை ருஷியாவில் லொபசெவ்ஸ்கியும் ஹங்கேரியிற் போல்யாயும் நூலாக வெளியிட்டது 1829, 1832 ஆகிய ஆண்டுகளிலே, அதாவது புரோபெல் வாழ்ந்த காலத்திலே. அதனைக் கையாற் பற்றிப் பார்க்கத்தக்க உருவாகக் குரோசேயில் முதன்முதற் பின்னிக் காட்டியவர் லற்வியா நாட்டிற் பிறந்த டைனா தைமினா என்னுங் கணித ஆசிரியை. அமெரிக்காவின் கோர்னெல் சர்வகலாசாலையில், 1997இல்.

இரண்டாங் கொடை, கல்லறையில் நாங் கண்ட மூன்று உருவங்கள்: மரத்தாலாய கோளம், சதுரமுகி, உருளை. கோளம் ஓயாது உருளும். சதுரமுகி இட்ட இடத்தில் நிற்கும். உருளையோ நிறுத்தினால் நிற்கும், கிடத்தினால் உருளும். ஆகவே அது முன்னிரண்டுக்குந் தூது. இவற்றை நூலிலே தொங்கவிட்டு முறுக்கிச் சுழற்றுவர். முகத்தின் நடுவிலே கட்டிய சதுரமுகி விரைந்து சுழலும்போது கண்ணுக்கு உருளையாகத் தோன்றும். பக்கவாட்டிலே கட்டிய உருளை சுழலும்போது அதனுள்ளே கோளந் தோன்றும். ஒன்றினுள் ஒன்று மறைந்திருத்தலை ஐந்து வயதுக் குழந்தை வாய்திறந்து பார்த்திருக்கும்.

மூன்றாங் கொடை ஒரு மரச் சதுரமுகி, எட்டுச் சிறு சதுரமுகிகளாக வெட்டப்பட்டது. குழந்தை எதனையும் உடைத்து உட்பார்க்க விரும்பும். இதனை உடைக்கலாம், மீண்டும் முழுமையாக்கலாம். அரை, கால், அரைக்கால் என்பன அங்கே கையிற் கிடக்கும். நான்காங் கொடையும் அதே பருமனுள்ள சதுரமுகியே. ஆயின் எட்டுச் செங்கல் வடிவக் கட்டைகளாக வெட்டப்பட்டது. பின்வந்தோர் வழங்கிய அங்குல அளவிற் சொல்வதாயின், முன்னையது பக்கம் ஓரங்குலமான சதுரமுகி. பின்னையது இரண்டங்குல நீளம், ஓரங்குல அகலம், அரையங்குலத் தடிப்பு. இரண்டின் கனவளவும் ஒன்றே. புறப்பரப்போ ஒன்றுக்கு ஆறு சதுர அங்குலம், மற்றதற்கு ஏழு. ஐந்தாங் கொடையில் இருபத்தேழு சதுரமுகிகளுள் மூன்று மூலைவாக்கில் இரண்டாகவும், மூன்று நான்காகவும் பிளக்கப்பட்டிருக்கும், துண்டுகள் முப்பத்தொன்பது. அரைத்துண்டு ஒன்றை நடுவில் வைத்து, அதன் சிறு பக்கங்கள் இரண்டிலும் முழுச் சதுரமுகி ஒவ்வொன்றையும், நீண்ட பக்கத்திலே நான்கு அரைத்துண்டுகளாலாய பெருஞ் சதுரத்தையும் வைத்துப் பார்த்தால், பைதகரசின் தேற்றம் தரையிற் கிடக்கும். நிறுவல் என்னுஞ் சொல்லையே அப்பிள்ளை கேட்டதில்லை.

இவ்வாறு கனவுருவங்களிலிருந்து மரத்தகடுகளாகிய பரப்புக்கும், குச்சிகளாகிய கோட்டுக்கும், விதைகளாகிய புள்ளிக்கும் இறங்கிவந்து, அங்கிருந்து மீண்டும் ஏறுவது அவர் முறை. காகிதத்திலே ஊசியாற் குத்திய புள்ளி, புள்ளிகளை நூலாற் கோத்த கோடு, வண்ணக் காகித நாடாக்களை மேலுங் கீழுமாக ஊடுபாவவிட்ட பரப்பு, மடித்த காகிதம், ஊறவைத்த பட்டாணியிற் குச்சிகளைச் செருகிய கூடு, ஈற்றிற் களிமண்ணாற் கனவுருவம். அமெரிக்காவிலே குவிமாடக் கட்டடங்களாற் பெயர்பெற்ற பக்மின்ஸ்டர் புல்லர், தம் பாலர் வகுப்பிலே பட்டாணியுங் குச்சியுங் கொண்டு செய்த முக்கோணிக் கூடே தம் கண்டுபிடிப்புக்கு வித்தென முதுமையில் நினைவுகூர்ந்தார். கட்டடச் சிற்பி பிராங்க் லொயிட் றைட்டின் தாயார் 1876இல் பிலடெல்பியாப் பொருட்காட்சியில் இக்கொடைகளைக் கண்டு மகனுக்கு வாங்கிக் கொடுத்தார்.

கட்டைகளை வைத்துச் செய்வனவற்றை மூவகையாக அவர் பிரித்தமையும் நோக்கற்பாலது. வீடு, பாலம், கதிரை என்பன வாழ்க்கை வடிவங்கள். நடுவைச் சுற்றிக் கோலம்போல் ஒழுங்குற அமைவன அழகு வடிவங்கள். எண்ணையும் அளவையும் புலப்படுத்துவன அறிவு வடிவங்கள். எட்டுக் கட்டைகள் அவையே. காலையில் அடுப்பாக இருந்தது, சிறிது தள்ளினால் மலராகிப் பின் பின்னக் கணக்காகிவிடும். ஆசிரியருட் பலர் அறிவு வடிவம் ஒன்றையே பாடமென்று கொண்டு ஏனையவற்றை ஓய்வுநேரத்துக்கு ஒதுக்குவதைக் காண்கின்றோம். யானும் நெடுங்காலம் அவ்வாறு செய்தவனே.

1839இல் ஹென்றியற்றா அம்மையார் இறந்தார். பணியைக் கண்டு களிக்க அவர் இருக்கவில்லை. தம் நிலையத்துக்கு நல்ல பெயரொன்று கிடையாது நெடுநாள் வருந்திய புரோபெல், நண்பரோடு மலைவழியே பிளாங்கன்பூர்க்குக்கு நடந்து செல்லுகையில், பள்ளத்தாக்கு முழுதும் ஒரு தோட்டம்போல் விரிந்து தோன்றிய கணத்திற் குழந்தைத் தோட்டம் என்னும் பெயரைக் கண்டனர் என்பர். 1840ஆம் ஆண்டு யூன் 28ஆந் திகதி அப்பெயரால் நிறுவனம் தொடங்கப்பெற்றது. ஜேர்மன் மாதர் பங்குப்பணம் இட்டு அதனைத் தாங்க வேண்டுமெனக் கேட்டார்; பங்குகள் வேண்டிய அளவு விலைபோகவில்லை. 1844இல் தாய்மார்க்கான விளையாட்டுப் பாடல்நூலை வெளியிட்டார். ஊர் ஊராகச் சென்று, பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்ற முற்பட்டார். ஆசிரியத் தொழில் ஆடவர்க்கே உரியதென எண்ணிய அந்நாளில், இளம் பெண்களுக்குக் கல்வியும் ஊதியமுந் தரும் தொழிலொன்றை அவர் திறந்துவிட்டார். ஆசிரியர் மகாநாடுகளிற் சிலர் நகைத்தனர்.

1849இல் லீபன்ஸ்டைன் என்னும் நீராட்டூருக்கு வந்து தங்கியபோது, கிராமத்துப் பிள்ளைகளோடு ஆடித்திரியுங் கிழட்டுப் பித்தர் என்றே அவரை அயலார் சுட்டினர். அவ்வாறு கேள்வியுற்று வேடிக்கை பார்க்கச் சென்ற மாரென்ஹோல்ட்ஸ் பிரபுவின் மனைவியார் பேர்த்தா, பார்த்தபின் அவருக்கு மாணாக்கியாகிவிட்டார். அண்மையிலுள்ள மரியந்தால் மாளிகை பயிற்சிச்சாலைக்குக் கிடைத்தது. 1851இல் தம் மாணாக்கியும், தம்மினும் முப்பத்துமூன்று ஆண்டு இளையவருமாகிய லூயிசா லெவின் அம்மையாரை மணந்தார்.

மணம் முடிந்து சில வாரமே. 1851 ஓகஸ்ட் 7ஆந் திகதி பிரஷ்ய அரசின் கல்வி அமைச்சர் றவ்மர், தம் நாட்டிலே குழந்தைத் தோட்டங்கள் யாவற்றையும் தடைசெய்து கட்டளை பிறப்பித்தார். நாத்திகத்தையும் சமதர்மப் புரட்சியையும் இளநெஞ்சில் விதைக்கின்றன என்பது குற்றச்சாட்டு. 1848ஆம் ஆண்டுப் புரட்சி அடங்கிய காலமாதலின், ஆள்வோருக்கு நிழலெல்லாம் பகையாகத் தோன்றிற்று. புரோபெலின் தமையன் மகன் கார்ல் புரோபெல் என்பவர் பெண்கல்வியைப் பற்றி எழுதிய சிறுநூலொன்றை இவருடையதெனக் கொண்டு மயங்கிய மயக்கமும் அதனுட் கலந்திருந்தது. நூலாசிரியன் பெயரை ஒழுங்காகப் படித்திருந்தால் ஒழிந்திருக்கக்கூடிய கேடு இது. சமயக் குருவின் மகனும், பந்திலுங் கடவுளின் ஒருமையையே கண்டவருமாகிய முதியவர்மீது நாத்திகப் பழி! ஆள் வேறு, நூல் வேறு எனத் தெளிவித்து முறையிட்டார். பேர்த்தா அம்மையாரும் அலைந்து மன்றாடினார். கட்டளை மாற்றப்படவில்லை. எழுபதாம் பிறந்தநாளை மாணாக்கியரும் பிள்ளைகளும் மரியந்தாலிலே மலர்சூட்டிக் கொண்டாடினர். அதற்கு இரண்டு மாதத்தின் பின், 1852 யூன் 21ஆந் திகதி, தடை தடையாகவே இருக்க அவர் காலமானார். நண்பர் மிடென்டோர்வ் அடுத்த ஆண்டே அவரைத் தொடர்ந்தார்.

தடை நீங்கியது 1860இல். அதற்குள் பணி கடல் கடந்துவிட்டது. 1848இன் பின் நாட்டைவிட்டுப் போனவர்களுள் ஒருவராகிய மார்கரேத்தா ஷூர்ஸ் அம்மையார், அமெரிக்காவிலே வோட்டர்டவுண் என்னும் ஊரில் 1856இலேயே குழந்தைத் தோட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். 1876இல் ஜப்பான் தேசத்துத் தோக்கியோவிலும் ஒன்று திறக்கப்பட்டது. லூயிசா அம்மையார் கணவருக்குப்பின் நெடுங்காலம் ஹம்பர்க் நகரிலே ஆசிரியைகளைப் பயிற்றி 1900 வரை வாழ்ந்தார்.

பரவியதெல்லாம் நன்மையாகவே பரவிற்று என்று சொல்வதற்கில்லை. வரிசையாக இருத்தப்பட்ட பிள்ளைகள், ஆசிரியையின் கைதட்டலுக்கு அதே கட்டையை அதே கணத்தில் எடுத்து அதே மூலையில் வைக்கும் படைப்பயிற்சியாக அக்கொடைகள் பல இடங்களில் மாறின. கொடைகளை வரிசைமாறாது கொடுக்கவேண்டுமென்று அவர் வற்புறுத்தியமையே இதற்கு ஒரு காரணம். பழியைச் சீடர்மேல் மாத்திரம் ஏற்றுதல் நேர்மையன்று. அமெரிக்கக் கல்வியாளர் தூயி முதலியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அவ்விறுக்கத்தைக் கண்டித்தனர். தளர்த்தியதில் இறுக்கத்தோடு சேர்ந்து கணிதமும் பல பாடசாலைகளில் நழுவிப்போயிற்று.

சென்னை மாகாணத்திலே சுந்தரராவ் என்னும் அறிஞர் ஒருவர் இருந்தார். குழந்தைத் தோட்டக் கொடைகளுள் எட்டாவதென எண்ணப்பட்ட காகித மடிப்பு அவர் பார்வைக்கு எட்டியது. கோணமானி வேண்டாம், கவராயம் வேண்டாம், ஒரு சதுரக் காகிதமும் ஒரு சிறு கத்தியும் போதுமெனக் கொண்டு, சமபக்க முக்கோணி முதல் பல்கோணங்கள் வரையும், அப்பாற் பரவளைவு முதலாய வளைகோடுகள் வரையும் மடித்தே காட்டினார். ஆங்கிலத்தில் எழுதிய அந்நூலைச் சென்னையில் 1893இல் வெளியிட்டபோது, அதன் எண்ணம் தமக்கு எங்கிருந்து வந்தது என்பதை முகவுரையிலேயே ஒளிவின்றி உரைத்தார். ஜேர்மனியின் தலைசிறந்த கணித மேதையருள் ஒருவராகிய பெலிக்ஸ் கிளைன் 1895இல் ஆசிரியர்களுக்காக வெளியிட்ட விரிவுரைகளிலே அந்நூலைச் சுட்டினார். அச்சுட்டைக் கண்ட அமெரிக்கப் பேராசிரியர் இருவர் அதனைத் தேடிப் பெற்றுப் பதிப்பிக்க, 1901இல் அது சிக்காக்கோவிலும் அச்சேறியது. கிளைன் விரிவுரை நிகழ்த்திய இடம் கோட்டிங்கன் சர்வகலாசாலை. 1811இல், கையிற் பொருளில்லாது, இருபத்தொன்பது வயதில், புரோபெல் மாணாக்கராகப் புகுந்த அதே சர்வகலாசாலை.